கப்பலோட்டிய தமிழன் (1961): நாயக நடிப்பும் வரலாற்று எடுத்துரைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

பி. ஆர். பந்துலு தயாரித்து இயக்கி 1961ஆம் ஆண்டு வெளிவந்த 'கப்பலோட்டிய தமிழன்', வ. உ. சிதம்பரம் பிள்ளையின் வாழ்க்கையைக் கூறும் திரைப்படமாகும். சிவாஜி கணேசனின் நடிப்பு இப்படத்தின் வலிமையாகவும், சீரற்ற கதையோட்டம் அதன் குறையாகவும் அமைந்துள்ளன. இவ்விரண்டும் தனித்தனி நிகழ்வுகள் அல்ல. ஒன்றற்கொன்று தொடர்புடையவை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. நாயகன் உடனிருக்கும் வரலாறு படத்தில் செறிவு பெறுகிறது. அவன் இல்லாதபோது நிகழ்ந்த வரலாறு தளர்கிறது. நடிப்பின் ஆற்றல் இத்தளர்ச்சியை மறைப்பதால், படத்தின் இடைவெளிகளே பொதுநினைவின் இடைவெளிகளாகவும் மாறியுள்ளன என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: வ.உ.சி., சுதேசிக் கப்பல் நிறுவனம், திருநெல்வேலி எழுச்சி, வாழ்க்கை வரலாற்றுத் திரைப்படம், சிவாஜி கணேசன், பொதுநினைவு.

முன்னுரை

ஒருவரது வாழ்க்கையைத் திரைப்படமாக்கும்போது இரு கடமைகள் எழுகின்றன. அம்மனிதரைக் காட்ட வேண்டும். அவர் வாழ்ந்த காலத்தையும் காட்ட வேண்டும். முதற்கடமையை நடிகர் நிறைவேற்ற இயலும். இரண்டாவது கடமை திரைக்கதையைச் சார்ந்தது. தமிழில் வெளிவந்த வாழ்க்கை வரலாற்றுத் திரைப்படங்கள் பலவற்றில் முதற்கடமை நிறைவேறிய அளவுக்கு இரண்டாவது நிறைவேறவில்லை. இதற்குத் தக்க சான்றாக அமைவது 'கப்பலோட்டிய தமிழன்'.

வ.உ.சி. என்றவுடன் இன்றைய தமிழர் பலரின் உள்ளத்தில் எழுவது சிவாஜி கணேசன் ஏற்ற தோற்றமே. வ.உ.சி.யின் மகன் இப்படத்தைக் கண்டு, தம் தந்தையையே நேரில் கண்டதாகக் கூறினார் என்பதும், அதனையே தாம் பெற்ற பெரும் விருதாகச் சிவாஜி கருதினார் என்பதும் பரவலாக அறியப்பட்ட செய்திகள். ஒரு நடிகருக்கு இதனினும் உயர்ந்த பாராட்டு இல்லை. ஆயின் வரலாற்று ஆய்வாளர்க்கு இப்பாராட்டே ஒரு வினாவையும் எழுப்புகிறது. நடிகரின் உருவம் வரலாற்று மனிதரின் உருவத்திற்கு ஈடாக நின்றுவிடுமாயின், அந்நடிப்பு எட்டாத வாழ்க்கைப் பகுதிகள் என்னவாகும்? இவ்வினாவை முன்வைத்தே இப்படம் இங்கு ஆராயப்படுகிறது.

நூலிலிருந்து திரைக்கு

இப்படத்தின் மூலம் ம. பொ. சிவஞானம் எழுதிய 'கப்பலோட்டிய தமிழன்' என்னும் வரலாற்று நூல். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவரும், 1946ஆம் ஆண்டு தமிழரசுக் கழகத்தை நிறுவியவருமான ம.பொ.சி., இந்திய விடுதலை உணர்வையும் தமிழ் உணர்வையும் ஒருங்கே போற்றியவர். வ.உ.சி.யின் வாழ்க்கை இவ்விரு உணர்வுகளுக்கும் இடமளித்தது. நூலின் தலைப்பே இதனைப் புலப்படுத்தும். கப்பல் ஓட்டியது ஆங்கிலேய வணிக ஆதிக்கத்திற்கு எதிரான செயல். ஓட்டியவர் தமிழர் என்பது பெருமிதம். கூட்டுப்பங்கு நிறுவனம் ஒன்றின் வரலாறு தனிமனிதர் ஒருவரின் பட்டமாகச் சுருங்கும் போக்கு திரைப்படத்திற்கு முன்பே, நூலின் தலைப்பிலேயே தொடங்கிவிட்டது.

திரைக்கதை எஸ். டி. சுந்தரத்துடையது. 'கவியின் கனவு' நாடகத்தின் ஆசிரியரான அவர் மேடை மரபில் உருவானவர். மேடை நாடகத்தில் ஒவ்வொரு காட்சியும் தன்னளவில் முழுமை பெற்று, உயர்ந்த உரையாடலில் முடிவடையும். அடுத்த காட்சி புதிதாகத் தொடங்கும். இம்முறை தனிக்காட்சிகளுக்கு வலிமை தரும். காட்சிகளுக்கு இடையிலான காரண காரியத் தொடர்பைத் தளர்த்தும். மூன்று மணி நேரத்திற்கும் மேலாக ஓடும் இப்படத்தின் பல பகுதிகள் தனித்தனியே நினைவில் நிற்பதற்கும், ஒரே கதையாக இணையாமல் போவதற்கும் இம்மேடை மரபு ஒரு காரணமாகும்.

மற்றொரு காரணம் பாடல்கள். ஜி. இராமநாதன் இசையில் அமைந்த பாடல்கள் பாரதியாருடையவை. பாரதி படைப்புகளின் உரிமையை 1949ஆம் ஆண்டு சென்னை அரசு பெற்றதன் பின்னர் அவற்றைப் பயன்படுத்துவதற்குத் தடையில்லாத சூழல் உருவாகியிருந்தது. பாரதியும் வ.உ.சி.யும் நண்பர்கள் என்பதால் இத்தேர்வு பொருத்தமானதே. எனினும் தேசியப் பாடல்கள் அரசியல் காட்சிகளுக்கு உணர்வூட்டுவதைப்போலக் கண்ணம்மாப் பாட்டு கதைக்குத் துணைசெய்யவில்லை. அது கற்பனைக் காதலர் இருவரின் பாட்டாக மாறி, வரலாற்றைச் சிறிது நேரம் நிறுத்திவைக்கிறது.

காலப் பகிர்வு

வ.உ.சி. 1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்து, 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் மறைந்தார். இந்த 64 ஆண்டுகளில், சுதேசிக் கப்பல் நிறுவனம் பதிவு செய்யப்பட்ட 1906 அக்டோபர் 16 முதல் அவர் கைது செய்யப்பட்ட 1908 மார்ச் 12 வரையிலான காலம் ஏறத்தாழ 17 மாதங்கள். அன்று முதல் விடுதலையான 1912 டிசம்பர் 24 வரை 4 ஆண்டுகளும் 9 மாதங்களும். விடுதலைக்குப் பின் அவர் வாழ்ந்தது ஏறத்தாழ 24 ஆண்டுகள்.

திரைப்படத்தின் காலப் பகிர்வு இதற்கு எதிர்த்திசையில் அமைந்துள்ளது. 17 மாதங்கள் பெரும்பகுதியைப் பெறுகின்றன. சிறைக்காலம் உணர்வின் உச்சமாகிறது. 24 ஆண்டுகள் விரைந்து கடக்கப்படுகின்றன. வரலாற்று முதன்மை நோக்கிக் காலத்தைச் சுருக்குவதும் விரிப்பதும் எந்த எடுத்துரைப்பிலும் இயல்பானவையே. ஆனால் சுருக்கப்பட்ட காலம் வெறுமையான காலமாகத் தோன்றிவிடக் கூடாது. இப்படத்தில் அவ்வாறே தோன்றுகிறது. சிறைக்குப் பின் வறுமையும் முதுமையும் மரணமும் மட்டுமே எஞ்சியிருந்தன என்னும் எண்ணத்துடன் பார்வையாளர் எழுந்து செல்கின்றனர்.

நாயகன் இல்லாத வரலாறு

படத்தின் கதையோட்டம் எங்கெங்குத் தளர்கிறது என்று நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். வ.உ.சி. காட்சியில் இருக்கும் வரை எடுத்துரைப்பு உறுதியாக உள்ளது. ஆட்சியர் விஞ்சை அவர் எதிர்கொள்ளும் காட்சி இதற்கு எடுத்துக்காட்டு. எஸ். வி. ரங்காராவின் கனத்த ஆட்சியர் தோற்றத்திற்கு எதிராகச் சிவாஜியின் அடங்கிய குரல் நிற்கும்போது, அரசு என்னும் அமைப்பும் அதனை ஏற்க மறுக்கும் மனிதரும் இரு உடல்களாகவே வெளிப்படுகின்றனர்.

ஆயின் திருநெல்வேலி மாவட்ட விடுதலை வரலாற்றின் இரு பெரும் நிகழ்ச்சிகள் வ.உ.சி. சிறைப்பட்டிருந்தபோது நிகழ்ந்தவை. முதலாவது, 1908 மார்ச் 13 அன்று மூண்ட திருநெல்வேலி எழுச்சி. தலைவர்கள் கைதான மறுநாள் மக்கள் தாமே திரண்டனர். அரசு அலுவலகங்கள் தாக்கப்பட்டன. காவலர் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். இரண்டாவது, 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி இரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆட்சியர் ஆஷைச் சுட்டுக்கொன்ற நிகழ்ச்சி. அப்போது வ.உ.சி. கண்ணனூர்ச் சிறையில் இருந்தார்.

வாழ்க்கை வரலாற்றுத் திரைப்படத்தின் அடிப்படைச் சிக்கல் இங்கேதான் உள்ளது. நாயகனைப் பின்தொடர்ந்தால் இந்நிகழ்ச்சிகளைக் காட்ட இயலாது. இந்நிகழ்ச்சிகளைக் காட்டினால் நாயகனைவிட்டு விலக வேண்டும். பந்துலு இரண்டாம் வழியை மேற்கொண்டார். ஆனால் நாயகனுக்கு ஈடாக மக்களை நிறுத்தாமல், துணைப்பாத்திரங்களை நிறுத்தினார். ஜெமினி கணேசன் ஏற்ற மாடசாமியும் சாவித்திரி ஏற்ற கண்ணம்மாவும் இவ்வெற்றிடத்தை நிரப்ப வந்தவர்கள். மாடசாமி என்னும் பெயர் வரலாற்றில் உண்டு. ஆஷ் கொலைவழக்கில் தேடப்பட்டுக் காவல்துறையிடம் பிடிபடாமல் தலைமறைவான ஒட்டப்பிடாரம் மாடசாமி பிள்ளையே அவர். தலைமறைவு வாழ்க்கையின் அச்சமும் தனிமையும் நிறைந்த அம்மனிதர் படத்தில் காதல் இணையின் ஒரு பாதியாகிவிடுகிறார். வரலாறு தந்த நாடகத்தன்மையைக் கைவிட்டு, வழக்கமான திரைக்கதை தந்த நாடகத்தன்மையைப் படம் தேர்ந்துகொண்டது. எழுச்சியில் இறங்கிய மக்களோ பெயரற்ற கூட்டமாகவே நின்றுவிடுகின்றனர்.

இவ்வகையில் கதையோட்டத்தின் சீரின்மை தற்செயலான கைப்பிழை அன்று. தனிமனிதரை நடுவில் நிறுத்தும் எடுத்துரைப்பு, கூட்டுச் செயலை எதிர்கொள்ளும்போது காட்டும் தடுமாற்றமே அது.

நடிப்பு நிகழ்த்துவன

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே இயக்குநரும் இதே நடிகரும் இணைந்து அளித்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) படத்துடன் ஒப்பிட்டால் சிவாஜியின் அணுகுமுறை தெளிவாகும். கெய்ரோவில் 1960ஆம் ஆண்டு நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான விருதை அவருக்குப் பெற்றுத்தந்த கட்டபொம்மன், குரலால் உயர்ந்த பாத்திரம். அங்கு வசனமே போர்க்கருவி. வ.உ.சி.யோ வழக்கறிஞர், சட்ட நூலும் கணக்கேடும் கையாண்டவர். அவருக்குக் கட்டபொம்மனின் முழக்கம் பொருந்தாது என்பதை உணர்ந்து சிவாஜி குரலைத் தாழ்த்தினார். தலைப்பாகையும் மேலங்கியும் அணிந்து நிமிர்ந்து நிற்கும் நிலையும் நிதானமான நடையும் அவரது சொல்லுக்கு முன்பே அம்மனிதரின் மதிப்பை நிறுவுகின்றன.

சிறைப்பகுதியில் அந்நிமிர்வே சிதைக்கப்படுகிறது. வ.உ.சி. செய்யுளில் இயற்றிய தன்வரலாற்றில், கோவைச் சிறையில் தமக்கு விதிக்கப்பட்ட கடும்பணிகளையும் மாட்டிற்கு ஈடாகச் செக்கிழுக்க நேர்ந்ததையும் கூறியுள்ளார். வழக்கறிஞராகவும் நிறுவன நிருவாகியாகவும் இருந்தவரின் உடலைக் கருவியாக்கி அவரைச் சிறுமைப்படுத்துவதே அத்தண்டனையின் உட்பொருள். சிவாஜி இதனை உரையாடலின்றி உணர்த்துகிறார். முற்பகுதியில் பழகிப்போன நிமிர்ந்த உடல் நுகத்தடியின் கீழ் வளையும்போது, காலனியச் சிறை என்பது என்ன என்பதைப் பார்வையாளர் கண்ணால் அறிகின்றனர். எந்த ஆவணமும் எளிதில் தர இயலாத வரலாற்று அறிவு இது. நடிப்பை அலங்காரமாகக் கருதாமல் ஒருவகை வரலாற்று விளக்கமாகக் கொள்ள வேண்டும் என்பதற்கு இப்பகுதி சான்றாகும்.

விடுதலைக் காட்சியும் இத்தகையதே. சிறை வாயிலில் மக்கள் திரள் இல்லை. தொழுநோயால் உருமாறிய சுப்பிரமணிய சிவா நிற்கிறார். நண்பரை அடையாளம் காண்பதற்கே வ.உ.சி.க்குச் சற்று நேரம் தேவைப்படுகிறது. டி. கே. சண்முகம் சிவாவாக நின்று இக்காட்சியைத் தாங்குகிறார். 1908ஆம் ஆண்டில் தலைவர்களின் கைதுக்காகக் கொந்தளித்த மாவட்டம், 1912ஆம் ஆண்டில் அவர்களை வரவேற்கத் திரளவில்லை என்னும் அரசியல் உண்மையை இரு மனிதர்களின் முகங்கள் கூறிவிடுகின்றன.

வயதும் தோற்றமும்

நடிப்பின் வலிமையே வரலாற்றுத் தோற்றப்பிழை ஒன்றையும் ஏற்புடையதாக்கியுள்ளது. சுப்பிரமணிய சிவா 1884ஆம் ஆண்டு பிறந்தவர். 1908 மார்ச்சில் அவருக்கு வயது 23, வ.உ.சி.யைவிட 12 ஆண்டுகள் இளையவர். பாரதியாருக்கு அப்போது வயது 25. படத்திலோ 1912ஆம் ஆண்டு பிறந்த டி. கே. சண்முகம் 49 வயதில் சிவாவாக நடித்தார். பாரதியாக நடித்த எஸ். வி. சுப்பையாவும் அப்போது நாற்பதை ஒட்டிய வயதினர். சிவாஜிக்கோ வயது 33. சிறை செல்லும்போது 35 வயதினராக இருந்த வ.உ.சி.க்கு அவ்வயது ஏறத்தாழப் பொருந்துகிறது. மற்ற இருவரின் வயது பொருந்தவில்லை.

இவ்வயது வேறுபாடு சிறிய செய்தியன்று. தூத்துக்குடியின் சுதேசி இயக்கம் பெரிதும் இளைஞர் இயக்கம். இருபதுகளில் இருந்தவர்களின் வேகமும் துணிவும் அவ்வியக்கத்தின் தன்மையை வடிவமைத்தன. படத்தில் அவர்கள் முதிர்ந்த பெரியோராகத் தோன்றுவதால், அவர்தம் செயல்கள் இளமைத் துணிவாகத் தெரியாமல் சான்றோரின் தியாகமாகத் தெரிகின்றன. விடுதலை பெற்ற நாட்டின் 1961ஆம் ஆண்டுப் பார்வையாளர்க்குத் தியாகிகள் தந்தையர் தலைமுறையினர். அந்நோக்கே 1908ஆம் ஆண்டின் மீதும் படிந்துவிட்டது. சுப்பையாவும் சண்முகமும் திறம்பட நடித்திருப்பதால் இம்மாற்றம் எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

நடிப்பு மறைப்பன

சுதேசிக் கப்பல் நிறுவனத்தின் முதலீடு 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கு 2 இலட்சம் ரூபாய் அளித்தார். வணிகர்கள், நிலக்கிழார்கள், வழக்கறிஞர்கள் எனப் பல சமயத்தினரும் பல சமூகத்தினரும் இணைந்த முயற்சி அது. 'காலியா', 'லாவோ' என்னும் கப்பல்களுக்குப் பின்னால் இருந்தது ஒரு தனிமனிதரின் துணிவு மட்டுமன்று; பங்குதாரர்களின் நம்பிக்கையும், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான சரக்கு, பயணிகள் போக்குவரத்தின் வணிக வாய்ப்பும் ஆகும். பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்தின் கட்டணக் குறைப்பு, அரசு அலுவலரின் நெருக்குதல், தலைவரின் சிறைவாசம், பங்குதாரரின் அச்சம் ஆகியவை சேர்ந்தே 1911ஆம் ஆண்டில் நிறுவனத்தின் முடிவுக்கு வழிவகுத்தன. படத்தில் இவ்வீழ்ச்சி, பொருளாதார நிகழ்வாக விளங்குவதைவிட நாயகனின் துயரமாகவே பார்வையாளரை எட்டுகிறது. அத்துயரம் நம்மைக் கலங்கச் செய்யும் அளவிற்கு, நிறுவனம் ஏன் வீழ்ந்தது என்னும் வினா எழாமற்போகிறது.

1908ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் தொடங்கிய கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தமும் இவ்வாறே. ஊதிய உயர்வும் விடுமுறையும் கேட்டு நடந்து, வெற்றியில் முடிந்த அப்போராட்டம் தமிழகத் தொழிலாளர் இயக்க வரலாற்றின் தொடக்கப் பக்கங்களுள் ஒன்று. அரசு வ.உ.சி.யை அஞ்சியதற்கு, கப்பலைப் போலவே தொழிலாளரோடு அவர் கொண்ட உறவும் காரணமாயிற்று. கப்பலின் படிமம் ஓங்கி நிற்கும் படத்தில் இவ்வுறவு உரிய அழுத்தம் பெறவில்லை.

மிகப் பெரிய இழப்பு, புலவர் வ.உ.சி. மறைந்துபோனதே. ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழாக்கியவர் அவர். 'மெய்யறம்', 'மெய்யறிவு' ஆகியவற்றை இயற்றியவர். தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தவர். பொருளதிகாரப் பதிப்பில் எஸ். வையாபுரிப் பிள்ளையுடன் இணைந்து பணியாற்றியவர். திருக்குறள் அறத்துப்பாலுக்கு உரை வரைந்தவர். சிறைக்குப் பிந்தைய ஆண்டுகள் வறுமை நிறைந்தவை என்பது உண்மை. அவை வெறுமையானவை அல்ல என்பதும் அதே அளவு உண்மை. தென்னாப்பிரிக்கத் தமிழர் திரட்டி அனுப்பிய தொகை தொடர்பாக அவர் காந்தியடிகளோடு நடத்திய கடிதப் போக்குவரத்து, 1920ஆம் ஆண்டுக்குப் பின் அவர் கொண்ட அரசியல் நிலைப்பாடுகள் ஆகியன அவரைத் தொடர்ந்து சிந்தித்துச் செயற்பட்ட மனிதராகக் காட்டுகின்றன. ஆ. இரா. வேங்கடாசலபதியின் நெடுங்கால ஆய்வுகள் இப்பகுதிகளைச் சான்றுகளுடன் வெளிக்கொணர்ந்துள்ளன. 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்னும் அவரது நூல் 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது, தலைவர் இல்லாத நாளில் மக்கள் செய்த வரலாற்றுக்குக் கிடைத்த ஏற்பும் ஆகும். திரைப்படம் கைவிட்ட இடத்திலிருந்தே ஆய்வு தன் பணியைத் தொடங்கியுள்ளது எனலாம்.

முடிவுரை

'பாவ மன்னிப்பு', 'பாசமலர்' ஆகிய சிவாஜி படங்கள் பெருவெற்றி ஈட்டிய அதே 1961ஆம் ஆண்டில், 'கப்பலோட்டிய தமிழன்' வணிக அளவில் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. ஆயினும் பின்வந்த தலைமுறைகளிடம் வ.உ.சி.யைக் கொண்டு சேர்த்ததில் அதற்கு இணையான திரைப்படம் இல்லை. அவ்வெற்றி முதன்மையாக நடிப்பின் வெற்றி.

இவ்வாய்வால் பெறப்படுவன மூன்று. முதலாவது, இப்படத்தின் கதையோட்டத் தளர்ச்சி நாயகன் இல்லாத வரலாற்று நிகழ்ச்சிகளைச் சுற்றியே மிகுதியாக அமைகிறது. அது தனிமனித மைய எடுத்துரைப்பின் விளைவு. இரண்டாவது, சிறையும் விடுதலையும் பற்றிய பகுதிகளில் சிவாஜியின் நடிப்பு காலனிய ஒடுக்குமுறையை உடல்வழி விளக்குகிறது; அவ்வகையில் அது வரலாற்று மதிப்புடையது. மூன்றாவது, அந்நடிப்பின் நிறைவே பங்குதாரர், தொழிலாளர், எழுச்சி மக்கள், பதிப்பாசிரியர் வ.உ.சி. ஆகியோரின் இன்மையை உணரவிடாமல் செய்துள்ளது.

எனவே வகுப்பறையிலும் ஆய்விலும் இத்தகைய படங்களைக் கையாளும்போது, உண்மையா கற்பனையா என்று காட்சிகளைப் பிரிப்பது மட்டும் போதாது. நிகழ்ச்சி, அதனை வடிவமைத்த நூல், நூலைச் சுமந்த நடிப்பு என்னும் மூன்று அடுக்குகளையும் தனித்தனியே காண வேண்டும். வ.உ.சி.யின் முகத்தை நமக்குத் தந்தவர் சிவாஜி. அம்முகத்தின் அருகில் நின்றவர்களின் பெயர்களையும், சிறைக்குப் பின் அம்மனிதர் எழுதிய பக்கங்களையும் மாணவர்க்கு எடுத்துரைப்பது ஆசிரியரின் கடமையாகும்.